மழை யார் கணக்கில்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின், சங்க வேலையாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குப் போயிருந்தோம். புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் (2007-இலிருந்து அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர், நமக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது) சந்தா பாக்கிகளை ஒருவாறு முடித்துக்கொண்டு, அஸர் நேரத்துக்குக் கம்போங் குவாந்தான் வந்து சேர்ந்தோம். நமக்கு வெகுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களின்மீது மின்மினிகள் ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒளிர்வதைக் காண இரவு நேரம் வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்களே, அந்த ஊர்தான். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. படகுத்துறையில் ஆளில்லை. துடுப்புக்காரர் இரண்டொருவர் கடை வாசலில் ஒதுங்கி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தனர்.

பெரியவரின் தங்கை மகனும் அங்கே இருந்தார். சுறுசுறுப்பான பிள்ளை. புக்கிட் ரோத்தானில் சாப்பாட்டுக் கடை ஒன்று திறக்க வேண்டுமென்று ஓராண்டாக அலைகிறார். இஸ்லாமிய பேங்கு ஒன்று பணம் தர முன்வந்திருக்கிறது. நம்மைக் கண்டதும் எதையோ படித்த உற்சாகத்தில் கேட்டார்:

"ஆலிம்சாக்கள் சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டுங்க. இப்ப யூனிவர்சிட்டி புரொபசர்களே ஆராய்ச்சி பண்ணி, வட்டியில்லாத பேங்கு ஆடாது, கவிழாதுன்னு சொல்லிட்டாங்களாமே? அப்புறம் மாமு ஏன் இன்னும் யோசிக்கிறாங்க?"

பெரியவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "பேங்கு கவிழாது, மருமகனே. நீ கவிழ்ந்தா பேங்கும் உன்கூட வருமா? அதைக் கேட்டியா?" என்றார்.

இந்த இரண்டு கேள்விகளையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தோம். அவற்றுக்கு விடை தேடிப் படித்ததையும், படித்தபின் நமக்குத் தோன்றியதையும் நம் வியாபாரப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

முதலில் மருமகனின் கேள்வி. அவர் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதி. ஒரு பேங்கின் ஸ்திரத்தை ஆராய்ச்சியாளர்கள் அளக்கும் விதத்தை நம் கடைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். கடையின் சொந்த முதல் எவ்வளவு, சராசரி லாபம் எவ்வளவு, அந்த லாபம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்கிறார்கள். முதலையும் லாபத்தையும் கூட்டி, ஏற்ற இறக்கத்தால் வகுக்கிறார்கள். வரும் எண் பெரிதாக இருந்தால் கடை இன்னும் பல அடி தாங்கும்; சிறிதாக இருந்தால் அடுத்த அடியிலேயே முதல் கரைந்துவிடும்.

இந்த அளவுகோலை வைத்து 2008-இல் சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்த மார்ட்டின் சிஹாக், ஹைக்கோ ஹெஸ்ஸே ஆகிய இருவர் 18 நாடுகளின் பேங்குகளைப் பார்த்தனர். சிறிய இஸ்லாமிய பேங்குகள் சிறிய வட்டி பேங்குகளைவிட உறுதியாக நிற்கின்றன என்று கண்டனர். மருமகன் படித்தது இந்த வரியாக இருக்கலாம். ஆனால் அதே கட்டுரையில் அடுத்த வரியும் உண்டு. பெரிய பேங்குகளை எடுத்தால் நிலைமை தலைகீழ். பெரிய வட்டி பேங்குகளே பெரிய இஸ்லாமிய பேங்குகளைவிட உறுதி. பெரிதாக வளர்ந்தபின், கொடுத்த பணத்தைக் கண்காணிப்பது கைமீறிப் போவது காரணமாயிருக்கலாம் என்று அவர்களே எழுதுகிறார்கள். கடை நடத்தியவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரே கடையாக இருந்தவரை பற்றுக்காரன் முகம் முதலாளிக்குத் தெரியும். ஐந்து கிளை ஆனபின் பேரேட்டில் பெயர்தான் தெரியும்.

2010-இல் அதே நிதியத்தின் மாஹிர் ஹசனும் ஜெம்மா திரிதியும், மலேசியா உள்ளிட்ட எட்டு நாடுகளில், 2008-ஆம் ஆண்டின் உலக நெருக்கடி இருவகை பேங்குகளையும் எப்படித் தாக்கிற்று என்று பார்த்தனர். 2008-இல் இஸ்லாமிய பேங்குகளின் லாபம் குறைவாகவே அடிபட்டது. கடனைக் கட்டுக் கட்டாக மூட்டை கட்டிக் கைமாற்றும் சரக்கை அவை வாங்கி வைத்திருக்கவில்லை. மார்க்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் 2009-இல் நெருக்கடி காகிதத்தை விட்டுக் கட்டடத்துக்கும் கடைத்தெருவுக்கும் இறங்கி வந்தபோது, சில நாடுகளில் இஸ்லாமிய பேங்குகளின் லாபம்தான் அதிகமாக விழுந்தது. ஒரே வகைத் தொழிலில் பணத்தைக் குவித்து வைத்தவர்கள் அடிவாங்கினார்கள். 2013-இல் தோர்ஸ்தன் பெக் முதலிய மூவர் செய்த ஆராய்ச்சியோ, இஸ்லாமிய பேங்குகளிடம் சொந்த முதல் அதிகம், வாராக் கடன் குறைவு என்று கண்டது. அதோடு, இருவகை பேங்குகளின் தொழில் முறையில் பெரிய வேற்றுமை அதிகம் தென்படவில்லை என்றும் சொல்லிற்று.

இதற்குமேல் கட்டுரைகளை அடுக்க விரும்பவில்லை. கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கெட்டது, பெயர்ப் பலகையில் இருக்கும் அளவு வித்தியாசம் உள்ளே இல்லை என்பதே படித்தவரையில் நமக்குப் பட்டது.

இங்கே ஒரு கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டியை நாம் விலக்குவது பேங்கு கவிழாது என்பதற்காகவா? வயிறு லேசாகும் என்று வைத்தியர் சொன்னதற்காக நோன்பு வைப்பவர், நாளைக்கு வேறொரு வைத்தியர் நோன்பு பித்தம் தரும் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? புரொபசர்களின் எண் நமக்குச் சாதகமாக வந்தபோது மேடை போட்டுப் பேசியவர்கள், அது பாதகமாக வந்த ஆண்டில் பேசாமலிருந்ததைப் பார்த்திருக்கிறோம். ஹராம் என்றது ஹராம்தான். அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையின் கையெழுத்து வேண்டியதில்லை. அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்றும் நாம் சொல்லவரவில்லை. வட்டி ஏன் விலக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்க நமக்கு உத்தரவு உண்டு. எண்ணிப் பார்த்தால், பெரியவர் கேட்ட கேள்வியில்தான் வந்து நிற்கிறோம்.

அன்று கடை வாசலில் ஒதுங்கி நின்ற துடுப்புக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் தவணைக்குப் படகு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பார்வையாளர் வரமாட்டார். அன்றைக்கு வரும்படி பூஜ்யம். ஆனால் தவணைக்கு மழை தெரியாது. மாதத்தில் பத்து நாள் பெய்தாலும் இருபது நாள் பெய்தாலும் அதே தொகை, அதே தேதி. கடன் கொடுத்தவர் நனையவே மாட்டார். இப்போது இதையே வேறு மாதிரி செய்வோம். பணம் போட்டவரும் துடுப்புப் போடுபவரும் கூட்டாளிகள். ஒவ்வொரு சவாரியின் வரும்படியிலும் இன்ன விகிதம் உனக்கு, இன்ன விகிதம் எனக்கு. மழை பெய்த நாளில் இருவருக்குமே இல்லை. படகு தொழிலாளியின் கவனக்குறைவு இல்லாமலே மூழ்கிப்போனால், முதல் போட்டவருக்கு முதல் போயிற்று. உழைத்தவருக்கு உழைப்புப் போயிற்று. நம் மார்க்கச் சட்டத்தில் முளாரபா என்பது இதுதான். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் போனதும் இந்த முறையில்தான்.

முதல் வகையில் மழை முழுதும் துடுப்புக்காரர் கணக்கில். இரண்டாவதில் இருவர் கணக்கில். இஸ்லாமியப் பொருளாதாரத்தில் ஸ்திரம் என்று அறிஞர்கள் முதன்முதலில் எழுதியது இதைப் பற்றித்தான். 1986-இல் மொஹ்ஸின் கான் என்ற பொருளாதார நிபுணர் இதைக் கணித முறையில் எழுதிக் காட்டினார். பேங்கு கொடுத்த பணத்துக்கு நஷ்டம் வரும்போது, பேங்கில் பணம் போட்டவர்களும் அந்த நஷ்டத்தில் பங்கு கொள்வார்களானால், சொத்து இறங்கும்போது பொறுப்பும் கூடவே இறங்கும். பேங்கு முறியாது என்றார். கவனிக்க வேண்டியது 'பங்கு கொள்வார்களானால்' என்பதை.

பங்கு கொள்ளாத கடன் என்ன செய்யும் என்பதை நம் தமிழ் ஜனங்கள் பர்மாவில் பார்த்தார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை விழுந்தது. விலை விழுந்தாலும் வாங்கிய கடன் விழவில்லை. 1938-க்குள் அந்த 6 பங்கு 25 பங்காயிற்று. செட்டியார்கள் கணக்கில் நாணயமானவர்கள்; அவர்களுக்கு வேண்டியது பணம்; சேறும் வயலும் வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. கணக்கு ஒழுங்காக இருந்ததால்தான் நிலம் கைமாறிற்று. பிறகு 1942-இல் ஜப்பானியர் வந்தனர்; 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது; நிலமும் போயிற்று. அசையாத கடன் பத்திரம் இரு தரப்பாரையும் அசைத்துவிட்டது. நம்மவர்களில் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எதிராக நம் வட்டாரத்துத் தோட்டக் கடையைப் பாருங்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதல் செம்பனை நட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். அதைச் சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் பற்று வழியில்தான். சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பார்கள். பால் விலை விழுந்து தோட்டத்தில் வேலை குறைந்தால் கடைக்காரரின் பற்றும் நிற்கும். அவர் பொறுத்துக்கொண்டாக வேண்டும். கஷ்டத்திலிருப்பவனுக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும் கட்டளையைச் சிலர் ஈமானால் நிறைவேற்றினார்கள். சிலர் வேறு வழியில்லாமல் நிறைவேற்றினார்கள். தோட்டம் எழுந்தால் கடை எழும். தோட்டம் விழுந்தால் கடையும் விழும்.

தோட்டக் கடையைப் புகழ்ந்துவிட்டு மேலே போய்விட நமக்கு மனம் வரவில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை வைத்தவர்கள் நாம். விற்கும்போதே விலையைப் பேசி முடித்துவிட்டால் அது வியாபாரம் என்று பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் மாதம் தள்ளிப்போனதற்காக அந்த விலைமேல் ஒரு காசு ஏற்றினாலும் அது வட்டிதான். எழுதப்படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளிக்கு இரண்டு காத்தி அரிசி நிறுத்துக் கொடுத்து மூன்று காத்தி எழுதியவர்களும் இருந்தார்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. நம்மில் சிலர் எழுதியதென்னவோ நீளமாகத்தான்.

இனி இந்நாட்டு பேங்குகளின் கதைக்கு வருவோம். 1959-இல் உங்கு அப்துல் அஸீஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு திட்டம் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போவதற்காக மலாய்க் கிராமத்தார் தலையணைக்கடியிலும் மூங்கிலுக்குள்ளும் பணத்தைச் சேர்த்துவைத்தார்கள். போதாததற்கு நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். திரும்பி வந்தபின் ஏழைகளாயிருந்தார்கள். வட்டி கலந்துவிடுமோ என்ற பயத்தால் பேங்குப் பக்கம் போகவில்லை. அந்தத் திட்டத்தின் பயனாக 1963-இல் ஹஜ் சேமிப்பு ஸ்தாபனம் வந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். போட்ட பணம் 46,610 வெள்ளி. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. 1983-இல் இஸ்லாமிய பேங்குச் சட்டமும், அதே ஆண்டு ஜூலையில் பேங்க் இஸ்லாமும் வந்தன. நம் தகப்பன்மார் கனவில் கண்டது கண்ணெதிரே வந்தது. அதன் நன்மையை நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

ஆனால் பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதையும் இந்த நாட்டிலேயே கண்டோம். 2006 ஜூனில் முடிந்த கணக்காண்டில் பேங்க் இஸ்லாம் நூறு கோடி வெள்ளிக்கு மேல் நஷ்டம் காட்டிற்று. புது முதல் போட்டு நிமிர்த்தினார்கள். தாபோங் ஹாஜியில், 2017 முடிவில் பொறுப்புக்களைவிட ஆஸ்தி 410 கோடி வெள்ளி குறைவு என்று 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். 1,990 கோடி வெள்ளி மதிப்புக்குச் சொத்துக்களை அரசாங்கத்தின் வேறொரு கம்பெனிக்கு மாற்றித்தான் கணக்கைச் சமன் செய்ய முடிந்தது. அவ்வாண்டுக்குக் கொடுத்த ஆதாயம் நூற்றுக்கு 1.25. முந்திய ஆண்டுகளில் சந்தோஷமாகக் கூடுதல் வாங்கிய நாம் யாரும், இது எந்த லாபத்திலிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தானே?

பேங்குகள் உண்மையில் கூட்டாளியாகப் பணம் போடுகின்றனவா? 2009-இல் சோங், லியு என்ற இருவர் மலேசியக் கணக்குகளை எடுத்துப் பார்த்தனர். லாப நஷ்டத்தில் பங்கு என்ற முறையில் கொடுத்த பணம் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. மற்றதெல்லாம் வாங்கி, விலை ஏற்றி, தவணைக்கு விற்பது முதலிய வகை. இஸ்லாமிய வைப்புக்குக் கொடுக்கும் ஆதாயமும், பக்கத்து வட்டி பேங்கின் விகிதம் ஏறினால் ஏறிற்று, இறங்கினால் இறங்கிற்று. பெரியவர் சொல்வதுபோல் தவணை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் நோய்க் காலத்து ஆறு மாதத் தவணை நிறுத்தம் வந்தபோது, பொதுவாக வட்டிக் கடன்களில் நிலுவை வட்டிமேல் வட்டி ஏறிற்று. இஸ்லாமிய முறையில் லாபம் ஏறினாலும் அதன்மேல் மறுபடி லாபம் ஏறவில்லை. கடை சாத்திக் கிடந்த அந்த மாதங்களில் அது சிறிய விஷயமல்ல.

சரி, பேங்குகள்தான் தவறிவிட்டன என்று முடித்துவிடலாமா? 2013-இல் ஒரு புதுச் சட்டம் வந்தது. அது இஸ்லாமிய பேங்குகளில் போடும் பணத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்று வைப்பு, முதல் திரும்பக் கிடைப்பது உறுதி, ஒரு பேங்கில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளிவரை அரசாங்கக் காப்புறுதியும் உண்டு. மற்றொன்று முதலீட்டுக் கணக்கு, லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு, காப்புறுதி இல்லை. முளாரபா என்ற பெயரில் அதுவரை போட்டிருந்தவர்களிடம், எது வேண்டும் என்று கேட்கவேண்டி வந்தது. பணத்தில் பெரும் பகுதி உறுதியான பக்கமே போயிற்று. அதாவது, நஷ்டத்தில் பங்கு உண்டா என்று முகத்துக்கு நேரே கேட்டபோது, பணம் போட்டிருந்த நாமே வேண்டாம் என்று சொன்னோம். பிறகு பேங்கு மட்டும் துடுப்புக்காரரோடு மழையில் நனைய வேண்டுமென்றால் எப்படி? அது யாருடைய பணத்தைக் கொண்டுபோய் நனையும்?

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லும்போது வியாபாரப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. லாபத்தில் பங்கு என்றால் லாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்குப் பேரேட்டைத் திறந்து வைக்க வேண்டும். நம் கடைகளில் எத்தனை பேரேடு? வரி அலுவலகத்துக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று, உண்மையானது முதலாளியின் தலைக்குள் ஒன்று. பேங்கு அதிகாரி ஒருவர் ஒருமுறை நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நஷ்டத்தில் பங்கு கேட்டு வருகிற கடைக்காரர்கள் நிறைய; லாபத்தை எழுதிக் காட்டி வருகிறவர் ஒருவரையாவது அனுப்பிவையுங்கள்." நமக்குப் பதில் வரவில்லை. நாமும் வாலிபத்தில் ஒரு துணிக் கடையில் கூட்டு வைத்துப் பார்த்தவர்கள். முதல் இரண்டு ஆண்டும் நஷ்டம், சகோதரர்போல் இருந்தோம். மூன்றாம் ஆண்டு லாபம் வந்தது; நான்காம் ஆண்டு பிரிந்தோம். கல்லாவுக்கு வராமல் போன ரசீதுகள்தான் காரணம். அவற்றில் சில நம்முடையவை.

கூட்டு என்ற சொல்லுக்கே இந்நாட்டில் நேர்ந்ததைப் பாருங்கள். சீட்டுப் பிடிப்பதைப்போல் மாதாமாதம் பணம் சேர்த்து ஒருவர் எடுக்கும் கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதைத் தடுத்து 1971-இல் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்று நம் தமிழ்ச் சொல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏலம் கூறித் தள்ளுபடியில் எடுப்பதும், எடுத்தவர் ஓடிப்போவதும் சேர்ந்து அந்த நல்ல சொல்லைக் குற்றப் பெயராக்கிவிட்டன. ஆனால் அதற்குப் பதினோராண்டு முன்பே, 1960-இல், தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோன தொழிலாளர்களுக்காகத் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பால் வெட்டுபவரே பங்குதாரர். அந்தக் கூட்டிலும் அதே சொல்தான் இருக்கிறது. பேரேட்டை யார் பார்க்கலாம் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

படித்தவற்றில் நம் மனத்தை விட்டுப் போகாத ஆராய்ச்சி ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். பாக்கிஸ்தானில் 2006 முதல் 2008 வரை கொடுக்கப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை பேலே, ஃபாரூக், ஓங்கெனா ஆகிய மூவர் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். இஸ்லாமிய முறையில் வாங்கிய கடனில் தவறியவர்கள், வட்டிக் கடனில் தவறியவர்களில் பாதிக்கும் குறைவு. ரமளான் மாதத்தில் தவறுவது இன்னும் குறைவு. புரொபசர்கள் இதற்கு மார்க்கப் பற்றும் ஒரு காரணமாயிருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் இஸ்லாமிய பேங்கின் உறுதி எங்கே இருக்கிறது? அதன் இரும்புப் பெட்டியில் மட்டும் இல்லை. வாங்கியவன் இரவில் படுக்கும்போது, இது அல்லாஹ்வின் பெயரால் வாங்கியது, கட்டாமல் மௌத்தாகக் கூடாது என்று அஞ்சுகிறானே, அந்த அச்சத்தில் இருக்கிறது. பேங்கு அந்த அச்சத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு லாபம் காண்கிறது. மழைக் காலத்தில் அதற்கு ஈடாக அவனுக்கு என்ன திருப்பித் தருகிறது என்று பேங்குக்காரரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அச்சம் தவணைத் தேதியில் மட்டும் வந்து, பேரேடு எழுதும்போது வராமல் போவதேன் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நாமும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கம்போங் குவாந்தான் போனோம். படித்ததையெல்லாம் இருவருக்கும் சொன்னோம். பெரியவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பேங்குப் பணம் வேண்டாம். என்கிட்ட கொஞ்சம் இருக்கு. நான் முதல் போடறேன்; நீ உழைச்சுக்க. நஷ்டம் வந்தா என் முதல் போகட்டும். ஆனா ஒரே பேரேடுதான். ராத்திரி கடை சாத்தினதும் எனக்குப் படம் புடிச்சு அனுப்பிடணும். சாமானெல்லாம் நம்ம கடையிலதான் எடுக்கணும்" என்றார்.

மருமகன் முகம் மலர்ந்தது. உடனே ஏதோ நினைத்துக்கொண்டவர்போல், "சரிங்க மாமு. சாமான் உங்ககிட்டதான் எடுக்கறேன். அப்ப உங்க கொள்முதல் பில்லை நானும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

பெரியவர் நம்மைப் பார்த்தார். நாம் தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம். "தம்பிக்கு இன்னொரு டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்தார், ஏதோ காகிதங்களைப் புரட்டினார், மூடினார். நாம் விடைபெறும்வரை அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சு எழவில்லை. பேங்கின் கடிதத்துக்குப் பதில் கொடுக்க இம்மாத முடிவுவரை நாளிருக்கிறதாம்.